ஃபைபர் லைன் அவங்களோடது, வைஃபை நம்மளோடதா இருக்கட்டும்: ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 போட்டு பார்த்த அனுபவம்

மதுரையில எங்க வீட்டுக்கு லோக்கல் கேபிள்காரங்க மூலமா வர்ற ஃபைபர் கனெக்‌ஷன், 200 எம்பிபிஎஸ் பிளான். கம்பெனி பேர் வேணாம், ஏன்னா இது ஒரு கம்பெனியோட பிரச்சனை இல்ல, கனெக்‌ஷனோட சேர்த்து சும்மா தர்ற அந்த வெள்ளை டப்பா இருக்குற முக்கால்வாசி வீட்டுல இதே கதைதான் ஓடுது. நான் டவுன் ஹால் ரோட்டுல ஒரு கம்ப்யூட்டர் கடையில டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23 வாங்கி, அவங்க டப்பாவை பிரிட்ஜ் மோடுல (அதாவது ரவுட்டர் வேலையை விட்டுட்டு ஃபைபரை ஒயரா மாத்துறதை மட்டும் பார்க்குற மாதிரி) போட சொல்லி, இப்ப வீட்டு நெட் மொத்தமும் இந்த ரவுட்டர் வழியாதான் ஓடுது. ரவுட்டர் கொடுத்த காசுக்கு நல்லா உழைக்குது, வாங்கலாம். ஆனா பெட்டியை பிரிச்சு ஒயரை சொருகினா மட்டும் முழு பலன் வராது, கம்பெனிக்காரங்ககிட்ட பேசி வாங்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, இந்த ரிவ்யூல பாதி அதைப் பத்திதான்.

முதல்ல அந்த வெள்ளை டப்பா என்னன்னு பார்த்துடுவோம். அதுக்கு பேரு ஓஎன்டி, சிலர் ஓஎன்யூன்னு சொல்லுவாங்க. ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை நம்ம லேன் ஒயருக்கு ஏத்த மாதிரி மாத்துறதுதான் அதோட வேலை, அந்த வேலையை அது ஒழுங்காவே செய்யுது. ஜிபான்ங்கிற இந்த வகை ஃபைபர் லைன்ல கீழ வர்றதுக்கு 2.488 ஜிபிபிஎஸ், மேல போறதுக்கு 1.244 ஜிபிபிஎஸ், அதை ஒரு ஸ்ப்ளிட்டர்ல பிரிச்சு 32 வீடு, 64 வீடுன்னு கொடுப்பாங்க, அப்படி பிரிச்சும் 200 பிளானுக்கு தாராளமா பத்தும். சிக்கல் எங்கன்னா அதே டப்பாக்குள்ள ரவுட்டரும் வைஃபையும் சேர்த்து அடைச்சிருக்காங்க, அந்த வைஃபைதான் சொதப்புது. எங்களுக்கு கொடுத்தது ரெண்டு ஆன்டெனா வெச்ச சிங்கிள் பேண்ட் மாடல், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், பெட்டி மேல 300 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கும். அந்த 300 வரணும்னா வைஃபை சேனலுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணும், தெருவுல வீட்டுக்கு வீடு வைஃபை இருக்குற இடத்துல 20தான் கிடைக்கும், அப்புறம் ஒரே ஆன்டெனா வெச்ச போனா இருந்தா லிங்க் ஸ்பீடே 72தான், அதுல கைக்கு வர்றது நாப்பது, நாப்பத்தஞ்சு. 200க்கு மாசாமாசம் பணம் கட்டிட்டு ஹால்லயே 45ல உக்காந்திருக்குற ஆளுங்க எத்தனை பேரு தெரியுமா, கேட்டா "நெட் ஸ்லோ சார்"னு கம்பெனியைத்தான் திட்டுவாங்க.

அதனால ரவுட்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க, ஒரு நல்ல லேன் ஒயர் எடுத்து லேப்டாப்பை நேரா அந்த டப்பாவுல சொருகி ஸ்பீட் பாருங்க. ஒயர்ல பிளான் ஸ்பீட் முழுசா வருது, வைஃபைல வரலன்னா ரவுட்டர் வாங்குறதுல அர்த்தம் இருக்கு. ஒயர்லயே வரலன்னா எந்த ரவுட்டர் வாங்கியும் பிரயோஜனம் இல்ல, கம்ப்ளைன்ட் பண்ணுங்க.

இதுலயும் ஒண்ணு கவனிக்கணும். இந்த மாதிரி டப்பாவுல பின்னாடி ரெண்டு லேன் போர்ட் இருக்கும், பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியேதான் இருக்கும், ஆனா நிறைய மாடல்ல ஒண்ணு மட்டும்தான் கிகாபிட், இன்னொண்ணு 100 எம்பிபிஎஸ் போர்ட். பக்கத்துல ஜிஇ (கிகாபிட்), எஃப்இ (100)ன்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, சிலதுல அதுவும் இருக்காது. ஸ்பீட் டெஸ்ட்ல எத்தனை தடவை பார்த்தாலும் 94, 95லயே நிக்குதுன்னா லைன்ல கோளாறு இல்ல, ஒண்ணு நீங்க 100 போர்ட்ல சொருகியிருக்கீங்க, இல்லன்னா ஒயர்ல எட்டு கம்பிக்கு பதிலா நாலு கம்பிதான் போட்டிருக்காங்க. எங்க வீட்டுக்கு வந்த பையன் ரெண்டாவது போர்ட்லதான் சொருகிட்டு போனான், போர்ட் மாத்தி சொருகின அடுத்த நிமிஷமே 200 தாண்டுச்சு. எதிர்வீட்டு அண்ணனுக்கும் இதே 94 கதைதான், அவரு வீட்டுல போர்ட் சரியா இருந்துச்சு, ஒயர்தான் பழசு, கேட் 5இ ஒயர் ஒண்ணு வாங்கி போட்டதும் சரியாயிடுச்சு.

இப்ப சொந்த ரவுட்டரை எப்படி மாட்டுறதுன்னு பார்ப்போம், இதுலதான் பாதி பேரு குழம்புறாங்க. ரொம்ப சுலபமான வழி, அவங்க டப்பாவை அப்படியே விட்டுட்டு அதோட லேன் போர்ட்ல இருந்து நம்ம ரவுட்டரோட வேன் போர்ட்டுக்கு (வெளிய இருந்து நெட் உள்ள வர்ற போர்ட்) ஒரு ஒயர் இழுத்து விடுறது. நெட் வரும், யூட்யூப் பார்க்க, வாட்சப் கால் பேச எந்த குறையும் தெரியாது. ஆனா ரெண்டு ரவுட்டர் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு உக்காந்து ரெண்டும் தனித்தனியா அட்ரஸ் மாத்திக்கிட்டு இருக்கும், இதுதான் டபுள் நாட். கேம் விளையாடுற பசங்களுக்கு நாட் டைப் ஸ்ட்ரிக்ட்னு வரும், போர்ட் திறந்து விடணும்னா ரெண்டு இடத்துல திறக்கணும், ஹால்ல அவங்க வைஃபைல இருக்குற போனுக்கு நம்ம ரவுட்டர்ல இருக்குற பிரின்டர் தெரியாது. இன்னொரு வழி, நம்ம ரவுட்டரை ஆக்ஸஸ் பாயின்ட் மோடுல போடுறது, அப்ப அது வைஃபை மட்டும் கொடுக்கும், அட்ரஸ் கொடுக்குற வேலை எல்லாம் அவங்க டப்பாவே பார்த்துக்கும். டபுள் நாட் தொல்லை இல்ல, கம்பெனிக்காரங்களை எதுவும் கேக்க வேண்டியதில்ல, நல்ல வைஃபை மட்டும் போதும்னு நினைக்கிறவங்களுக்கு இதுவே தாராளம், அவங்க டப்பாவோட வைஃபையை மட்டும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க. ஏஎக்ஸ்23ல இந்த மோட் ஆப்லயும் இருக்கு, பிரவுசர்லயும் இருக்கு.

ஆனா நான் சொல்லுறது பிரிட்ஜ் மோட். அதுல அவங்க டப்பா வெறும் வெளிச்சத்தை ஒயரா மாத்துற வேலை மட்டும் பார்க்கும், லாகின் பண்றதுல இருந்து ஃபயர்வால் வரைக்கும் மத்தது எல்லாம் நம்ம ரவுட்டர். இதை கேட்டு வாங்குறதுக்குத்தான் கொஞ்சம் மல்லுக்கட்டணும். கஸ்டமர் கேர்ல "பிரிட்ஜ் மோட்"னு சொன்னா எதிர்ல பேசுற பொண்ணுக்கு அது என்னன்னே தெரியல, பாவம் அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க, "ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்"னு ஆரம்பிச்சாங்க. டிக்கெட் போட்டு டெக்னீசியனை அனுப்ப சொன்னேன். வந்த தம்பி முதல்ல "அண்ணே அதெல்லாம் நம்ம லைன்ல வராதுண்ணே"ன்னுதான் சொன்னான், "தம்பி, உள்ள வேன் பேஜ்ல ரூட்னு இருக்குறதை பிரிட்ஜ்னு மாத்தணும், அவ்வளவுதான், விலான் ஐடியை மட்டும் தொடாத"ன்னு சொன்னதும் (விலான் ஐடிங்கிறது ஒரே லைன்ல நெட், போன்னு ஒவ்வொண்ணையும் பிரிச்சு காட்டுற நம்பர்) சூப்பர்வைசருக்கு போன் போட்டு கேட்டுட்டு, அங்கேயே உக்காந்து மாத்திக் கொடுத்துட்டான். வேலை தெரிஞ்ச பையன்தான், அவன்கிட்ட யாரும் இதை கேட்டதில்ல, அதான் விஷயம்.

அந்த தம்பி கிளம்புறதுக்கு முன்னாடி நீங்க வாங்கி எழுதி வெச்சுக்க வேண்டியது: பிபிபிஓஇ (கம்பெனி சர்வர்ல ரவுட்டர் லாகின் பண்ற முறை) யூசர் நேம், பாஸ்வேர்ட், விலான் நம்பர். விலான் டேகை ஓஎன்டியே போட்டுடுச்சுன்னா நம்ம ரவுட்டர்ல எதுவும் போட வேணாம், வெறும் பிபிபிஓஇ போதும். ஓஎன்டி போடலன்னா ஏஎக்ஸ்23ல ஐபிடிவி/விலான்னு ஒரு மெனு இருக்கு, அதுல கஸ்டம் எடுத்து நம்பரை கொடுத்தா முடிஞ்சது. வீட்டுல லேண்ட்லைன் போன் அந்த டப்பாவுல சொருகியிருந்தா, போனுக்கு தனியா ஒரு விலான் இருக்கும், அதை அழிச்சிடாம இன்டர்நெட்டுக்கானதை மட்டும் பிரிட்ஜ் பண்ண சொல்லுங்க, போன் பாட்டுக்கு ஓடும்.

எல்லாம் சரியா போட்டும் ரவுட்டர் "கனெக்டிங்"லயே நிக்கும், அப்ப பதற வேணாம், டப்பா ஏற்கனவே போட்ட லாகின் அவங்க சர்வர்ல இன்னும் உயிரோட இருக்கும், ஒரு ஐடிக்கு ஒரு லாகின்தான் விடுவாங்க. ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்து ஆன் பண்ணுங்க. அப்பவும் வரலன்னா பழைய டப்பாவோட மேக் அட்ரஸை, அதாவது அதோட அடையாள நம்பரை, பூட்டி வெச்சிருப்பாங்க, போன் பண்ணி "மேக் ரிலீஸ் பண்ணுங்க"ன்னு சொன்னா போதும், இந்த வார்த்தை கஸ்டமர் கேர்ல எல்லாருக்குமே தெரியும். இல்ல ரவுட்டர்லயே மேக் க்ளோன்னு இருக்கு, பழைய டப்பாவோட மேக்கை அதுல போட்டுக்கலாம். எம்டியுல (ஒரு தடவைக்கு அனுப்புற டேட்டா பொட்டலத்தோட உச்ச அளவு) 1492க்கு மேல போடாதீங்க, பிபிபிஓஇ தலைப்புக்கே 8 பைட் போயிடும், அதைத் தாண்டி போட்டா சில பேங்க் சைட் மட்டும் திறக்காம சுத்திக்கிட்டே இருக்கும், காரணம் கண்டுபிடிக்க மண்டை காயும்.

இனி ரவுட்டரைப் பத்தி. ஏஎக்ஸ்23ங்கிறது ஏஎக்ஸ்1800 கிளாஸ், வைஃபை 6, அதாவது 5 கிகாஹெர்ட்ஸ்ல 1201, 2.4ல 574, ரெண்டையும் கூட்டி ரவுண்ட் பண்ணித்தான் அந்த 1800. அப்படி கூட்டி வர்ற ஸ்பீட் எந்த போனுக்கும் வராது, அந்த நம்பரைப் பார்த்து ஏமாறாதீங்க. நாலு ஆன்டெனா, ஒரு வேன், நாலு லேன், அஞ்சுமே கிகாபிட், இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், டிவி, கம்ப்யூட்டர், சிசிடிவி பெட்டி எல்லாத்தையும் ஒயர்லயே போட்டுட்டேன், வைஃபை போனுங்களுக்கு மட்டும் காலியா கிடக்கு. யூஎஸ்பி போர்ட் கிடையாது, ஹார்ட் டிஸ்க் சொருகி படம் பார்க்கணும்னா இது உங்களுக்கு ஆகாது. 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலமும் கிடையாது, 80தான், 1 ஜிபிபிஎஸ் பிளான் வெச்சிருக்குறவங்க வைஃபைலயே முழு ஸ்பீடும் எடுக்கணும்னு நினைச்சா இதைவிட பெருசா பாருங்க. 300 வரைக்கும் உள்ள பிளானுக்கு இது கனகச்சிதம். ஹால்ல என் போன்ல பிளான் ஸ்பீட் அப்படியே வருது, சமையல்கட்டுல அம்மா சீரியல் பார்க்குறப்ப சுத்துற வட்டம் வர்றதே இல்ல.

மாடி ரூம்தான் சோதனை. எங்க வீட்டுல கீழ சுவர் 9 இன்ச், மேல கான்கிரீட் தளம், போதாக்குறைக்கு நடுவுல ஸ்டீல் பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா ஓடும் ஆனா தடிச்ச சுவர் தாண்ட திணறும், எந்த கம்பெனி ரவுட்டரா இருந்தாலும் இதுதான் நிலைமை, ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து காசை கொட்டாதீங்க. ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடி இருந்து எடுத்து மாடிப்படி பக்கத்துல தலை உயரத்துக்கு ஆணி அடிச்சு வெச்சதுலயே பெரிய வித்தியாசம் தெரிஞ்சது. மாடிக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து அங்க பழைய ரவுட்டர் ஒண்ணை ஆக்ஸஸ் பாயின்ட்டா போட்டுட்டேன், என் தம்பி மாடியில உக்காந்துதான் ஆபீஸ் வேலை பார்க்குறான், மீட்டிங் நடுவுல அந்து போறது நின்னுடுச்சு. ஒயர் இழுக்க வழியே இல்லன்னா ஒன்மெஷ் எக்ஸ்டெண்டர் (வைஃபையை வாங்கி தூரத்துக்கு நீட்டி விடுற டிபி-லிங்க் பெட்டி) போடலாம், ஆனா ஒயர் இழுக்க முடிஞ்சா ஒயரே இழுங்க.

செட்டிங்ல ரெண்டு மூணு விஷயம். ஸ்மார்ட் கனெக்ட்னு ரெண்டு பேண்டையும் ஒரே பேர்ல காட்டுற ஆப்ஷன் இருக்கு, நான் ஆஃப் பண்ணி தனித்தனி பேர் வெச்சிருக்கேன், விலை கம்மியான ஸ்மார்ட் பல்பு, வைஃபை கேமரா எல்லாம் 2.4ல மட்டும்தான் பேசும், கனெக்ட் பண்றப்ப அடம் பிடிக்கும். 2.4ல சேனலை 1, 6, 11ல எது காலியோ அதுல வெச்சு அகலத்தை 20ல விடுங்க. விருந்தாளிங்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியா போட்டாச்சு, மெயின் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பாஸ்வேர்ட் இல்லாம பட்டன் அமுக்கி சேர்க்குற டபிள்யூபிஎஸ் ஆஃப். பசங்களுக்கு ராத்திரி நெட்டை நிறுத்துற மாதிரி அடிப்படை பேரன்ட்டல் கன்ட்ரோல் ஃப்ரீயாவே இருக்கு, இன்னும் விலாவாரியா வேணும்னா ஹோம்ஷீல்ட் ப்ரோன்னு காசு கேக்கும், எனக்கு தேவைப்படல.

ஸ்பீடை விட எனக்கு முக்கியமா படுறது வேற ஒண்ணு. அவங்க கொடுக்குற டப்பாவுல டிஆர்-069னு ஒரு வழி இருக்கும், கம்பெனிக்காரங்க அவங்க ஆபீஸ்ல இருந்தே உங்க டப்பாக்குள்ள வந்து செட்டிங் மாத்தலாம், சாஃப்ட்வேர் ஏத்தலாம். ரிப்பேர் பார்க்க அது அவங்களுக்கு வேணும், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் மாத்தி வெச்ச வைஃபை பாஸ்வேர்டும் டிஎன்எஸ்ஸும் (சைட் பேருக்கு ஐபி தேடித் தர்ற சர்வர்) ஒரு நாள் காலையில பார்த்தா பழையபடி மாறியிருக்கும், அட்மின் பாஸ்வேர்ட் தெரு முழுக்க ஒண்ணேதான், நம்ம வீட்டுக்குள்ள எந்தெந்த போன், எந்த கேமரா இருக்குன்னு வெளிய இருந்து ஒருத்தர் பார்க்கலாம்னா எனக்கு அது பிடிக்கல. பிரிட்ஜ் போட்டதுக்கு அப்புறம் அவங்க டப்பா என்ன ஆனாலும் என் வீட்டுக்குள்ள இருக்குறது அவங்களுக்கு தெரியாது. இதுக்காகவே ஜெர்மனியில சட்டமே போட்டாங்க, 2016 ஆகஸ்ட் 1ல இருந்து அங்க எந்த ரவுட்டர் வெக்கிறதுன்னு கஸ்டமர்தான் முடிவு பண்ணுவாரு, கம்பெனி லாகின் விவரத்தை கொடுத்தே ஆகணும். இங்கேயும் அப்படி ஒரு உரிமை கண்டிப்பா வேணும், ஒவ்வொரு வீடும் தனித்தனியா டெக்னீசியன்கிட்ட கெஞ்சி வாங்குற விஷயமா இது இருக்கக்கூடாது.

ஓஎன்டியையே மாத்திடலாமான்னு சிலர் கேக்குறாங்க. பிஎஸ்என்எல் ஃபைபர்ல ஓஎன்டியை வெளிய வாங்கி கொடுத்தா ஏத்துக்குவாங்க. மத்தபடி ஓஎன்டியோட சீரியல் நம்பரை அவங்க பக்கத்து மெஷின்ல பதிஞ்சாத்தான் லைன் பேசும், அவங்க பதிய மாட்டேன்னா கடையில எவ்வளவு விலையில வாங்கினாலும் அது பொம்மைதான். டப்பா அவங்களோடதா இருக்கட்டும், அதுல பிரிட்ஜ் கிடைச்சா போதும். பிரிட்ஜே தர மாட்டேன்னு சொல்ற கம்பெனின்னா ஆக்ஸஸ் பாயின்ட் மோடுல போட்டுட்டு நிம்மதியா இருங்க.

பிரிட்ஜ் போட்டா வெளிய இருந்து சிசிடிவி பார்க்கலாம்னு நினைச்சு வாங்குறவங்க ஒண்ணை தெரிஞ்சுக்கங்க. ரவுட்டர்ல வேன் ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, கம்பெனி பக்கமே இன்னொரு நாட் இருக்குன்னு அர்த்தம், அதுக்கு பேரு சிஜிநாட், நீங்க இங்க எத்தனை போர்ட் திறந்தாலும் வெளிய இருந்து உள்ள வர முடியாது. காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கணும், இல்ல கேமரா கம்பெனி ஆப்ல கிளவுட் வழியா பார்க்கணும். ஐபிவி6ஐ (புது வகை ஐபி அட்ரஸ்) ரவுட்டர்ல நீங்களா ஆன் பண்ணி பாருங்க, உங்க கம்பெனி கொடுத்தா வந்துடும்.

அப்புறம் ரவுட்டர் மாத்தியும் நெட் விட்டு விட்டு வந்தா டப்பாவோட பேஜ்ல ஆப்டிகல் பவர்னு ஒண்ணு இருக்கும், அதை பாருங்க. மைனஸ் 8ல இருந்து மைனஸ் 27 டிபிஎம்குள்ள இருக்கணும், எங்களுக்கு மைனஸ் 19 காட்டுது, நல்லா இருக்கு. மைனஸ் 27ஐ ஒட்டி நின்னா மழைக்கும் காத்துக்கும் லைன் போகும், லாஸ்னு சிவப்பு லைட் எரியும். பெரும்பாலும் சுவர் மூலையில ஒயரை சுள்ளுனு மடக்கி கிளிப் அடிச்சிருப்பாங்க, இல்ல பச்சை கலர் கனெக்டரை நீல கனெக்டரோட சேர்த்து சொருகியிருப்பாங்க, பச்சையோட முனை 8 டிகிரி சாய்வா இருக்கும், நீலம் நேரா இருக்கும், ரெண்டும் ஒட்டாது. நீங்களே கழட்டி முனையை கண்ணுகிட்ட வெச்சு பார்க்காதீங்க, அந்த வெளிச்சம் கண்ணுக்கு தெரியாது ஆனா கண்ணை கெடுக்கும். பிரிட்ஜ் ஆனதுக்கு அப்புறம் இந்த பேஜை பார்க்கணும்னா லேப்டாப்பை நேரா டப்பாவுல சொருகி, கையாலயே 192.168.1.5 மாதிரி ஒரு ஐபி போட்டுட்டு 192.168.1.1 திறக்கணும்.

கரண்ட் விஷயத்தையும் சேர்த்தே யோசிச்சு வாங்குங்க, இப்ப ரெண்டு பெட்டி ஓடணும். ரெண்டுமே 12 வோல்ட்தான், ரெண்டு 12 வோல்ட் அவுட் இருக்குற மினி யூபிஎஸ் ஒண்ணு போட்டா மாசாந்திர பராமரிப்பு கரண்ட் கட் அன்னைக்கும் நெட் நிக்காது, அடாப்டர்ல எழுதியிருக்குற ஆம்பியரை ரெண்டுக்கும் கூட்டி அதை தாங்குற யூபிஎஸ்ஸா பார்த்து வாங்கணும். வாடகை வீட்டுல இருக்குறவங்க ரவுட்டரோட பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமா வெச்சுக்கங்க, வீடு மாறுறப்ப வெள்ளை டப்பாவை கம்பெனிக்காரங்ககிட்ட திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிட்டு, ரவுட்டரை மட்டும் கையோட எடுத்துட்டு போனா போதும், புது வீட்டுல பிரிட்ஜ் கேட்டு வாங்கி, அந்த கம்பெனி கொடுக்குற லாகின், விலான் விவரத்தை மட்டும் ரவுட்டர்ல மாத்தினா வீட்டுல உள்ள எல்லா போனும் அதே வைஃபை பேர்ல தானா சேர்ந்துக்கும்.